இருபது டிகிரியில் பாஸ்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், அதனால் என்ன. எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் பதினேழு வருஷம் வெந்நீரையே டீ என்று குடித்தவனுக்கு இதெல்லாம் உபசாரம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சோதனை அறையின் அவசரச் சாவி அன்றைக்கு எங்கே இருந்தது என்று. உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். அவர்கள் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். பதில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அதனால் கேபிளிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு நீலக் கேபிள் போகிறதே, அந்த மாதிரிக் கேபிள்.

அதை வெட்டிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. பார்க்கிறவர்கள் செம்பைத்தான் பார்ப்பார்கள். செம்பு நல்ல செம்பா, எத்தனை கனம் என்று கேட்பார்கள். ஆனால் அதில் போகிற தகவல் என்ன வேகத்தில் போகும், எவ்வளவு தேய்ந்து போய்ச் சேரும் என்பது செம்பின் கையில் மட்டும் இல்லை. செம்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையின் கையிலும் இருக்கிறது. நல்ல உறை வழிவிடும். மட்டமான உறை தகவலை ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். சூடு ஏறினால் இன்னும் இழுக்கும். வெளியே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. உறை என்பது பாதுகாப்புக்குத்தானே என்று நினைத்துக்கொள்வான்.

இந்த வேறுபாட்டை அளப்பதுதான் என் வேலை. தரச் சோதகர். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் தங்கையின் கணவர். தொழிற்சாலையின் உற்பத்தித் தலைவர். இறந்துபோன இருவரில் ஒருவர். நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

நல்ல மனுஷர், ஐயா. பேச்சுக்குச் சொல்லவில்லை. நான் பழைய வேலையை இழந்து, கையில் ஒரு பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் நின்றபோது ஒரு கேள்வி கேட்கவில்லை. "மாடி ரூம் சும்மாதானே கெடக்கு மச்சான்" என்றார். பத்து நாள் இருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பதினேழு வருஷம் ஓடிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவர்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் அவர் காரில்தான் வேலைக்குப் போவேன், சாயங்காலம் அவர் காரில்தான் திரும்புவேன். அவருக்குச் சட்டை எடுக்கும்போது எனக்கும் ஒன்று எடுப்பார். எனக்குப் பிடிக்காத நிறத்தில் இருக்கும். அடுத்த நாளே போட்டுக்கொண்டு கீழே வருவேன். "பாத்தியா, உங்க அண்ணனுக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு" என்று என் தங்கையிடம் காட்டுவார். அவளுக்குக் கண்ணில் நீர் தளும்பும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரிடமாவது குறை சொன்னால் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒட்டாத வாணலியில் பூசுகிறார்களே, அந்த இனத்துப் பிளாஸ்டிக். கூரைக்குள் இழுக்கிற உயர்ரகக் கேபிளுக்கு உறை அதில்தான் போட வேண்டும். சூடு தாங்கும், லேசில் தீப்பிடிக்காது, தகவலையும் இழுக்காது. அது பாதிதான் கிடைத்தது. மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று ஜோடிக்கு நல்ல உறை. நான்காவதாக இருக்கிற பழுப்பு ஜோடிக்கு மட்டும் சாதாரண பிளாஸ்டிக், தீயைத் தாமதப்படுத்தும் தூள் கொஞ்சம் கலந்து. வெளியே நீலத் தோல் போர்த்திவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

நான்கு ஜோடியிலும் தகவல் ஒன்றாகப் புறப்படும். ஏறக்குறைய ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். நூறு மீட்டரில் நாற்பத்தைந்து நானோ விநாடி வரை பிந்தலாம். ஒரு விநாடியை நூறு கோடியாக வகுத்தால் வருகிற ஒரு பங்குதான் ஒரு நானோ விநாடி. அதற்கு மேல் பிந்தினால் எதிர்முனை இயந்திரம் குழம்பி இணைப்பை விட்டுவிடும். பழுப்பு ஜோடி முப்பத்தெட்டு பிந்தியது. அது இருபது டிகிரியில். விதிப்படி இருபது டிகிரியில்தான் சோதிக்க வேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. அதே துண்டைச் சூட்டு அடுப்பில் வைத்து அறுபது டிகிரியில் அளந்தேன். ஐம்பத்தொன்று. தகவலும் பாதி வழியிலேயே தேய்ந்து போயிருந்தது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனேன்.

"இருபது டிகிரில பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார்.

"பாஸ்தான். ஆனா கூரைக்குள்ள இருபது டிகிரி எங்க இருக்கு மாப்பிள்ளை?"

"மச்சான், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்க. கேக்காததுக்கு ஏன் பதில் எழுதி மாட்டிக்கணும்? நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

என் தோளில் தட்டி, அறுபது டிகிரித் தாளை இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் இருபது டிகிரித் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த அளவு இன்றைக்கும் சரியான அளவுதான்.

அந்த வருஷம்தான் வேறு ஊரிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. பெரிய சோதனைக்கூடம். அதன் மேலாளர் நேரில் பேசிவிட்டுப் போனார், ஒரு வாரத்தில் கடிதம் வரும் என்றார். தங்குவதற்கு அறையும் உண்டு, ஜன்னலைத் திறந்தால் ரயில் நிலையம் தெரியும் என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மாடியில் பெட்டியைத் துடைத்து வைத்தேன். கடிதம் வரவில்லை. ஒரு மாதம் கழித்து நானே போன் பண்ணினேன். "என்ன சார், உங்க மாப்பிள்ளைதான் போன் பண்ணி, நீங்க வரலைன்னு சொல்லிட்டாரே" என்றார் அவர். வீட்டுக்கு வந்த போனை என் தங்கை எடுத்திருக்கிறாள்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். மாப்பிள்ளை ஒளிக்கவே இல்லை.

"ஆமா மச்சான், சொன்னேன். இந்த வயசுல எங்க போய்த் தனியாக் கஷ்டப்படுவீங்க? நீங்க இல்லாம எனக்கு இங்க ஒண்ணும் ஓடாது."

"நான்தான்ணா அவரைச் சொல்லச் சொன்னேன்" என்றாள் தங்கை. "அவங்க வந்து கேட்டா வேண்டாம்னு சொல்ல உனக்கு வாய் வராதுன்னு தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகக்கூட ஞாபகம்.

அதற்கு ஈடு செய்கிற மாதிரி மாப்பிள்ளை எனக்கு ஒரு தனிச் சோதனை அறை கட்டிக் கொடுத்தார். அதுதான் நீங்கள் பார்த்த அறை. நான்கு பக்கமும் இரும்புத் தகடு, வெளி அலை எதுவும் உள்ளே வராது, அதனால் அளவு சுத்தமாக இருக்கும். செல்போன் வேலை செய்யாது. ஜன்னல் கிடையாது. கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்பூட்டு. உள்ளேயிருந்து வெளியே வரப் பொத்தான். பூட்டு, பொத்தான், தீ மணி எல்லாம் கூரைக்குள் போகிற ஒரே கேபிள் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். எந்தச் சுருளிலிருந்து இழுப்பது என்று பொருத்துகிறவர் என்னிடம் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பழுப்பு ஜோடி மட்டமாக இருந்த சுருள். என் தலைக்கு மேலேயே இருந்தால் அதன் நடத்தையைக் கவனித்துக்கொண்டே இருக்கலாமே என்று நினைத்தேன். அப்போது அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

முதல் கோடையிலேயே அது வேலையைக் காட்டியது. மதியம் குளிரூட்டி நின்றுவிட்டது. கூரைக்குள் சூடு ஏறி, கதவு இணைப்பை விட்டுவிட்டது. பொத்தானை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நிமிடம் உள்ளே இருந்தேன். கத்தினால் என் குரல் என் காதிலேயே வந்து விழுந்தது. லேபிள் அக்காதான் முதலில் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சுருள்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவர். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் எல்லோருக்கும் அக்கா. என் வாயசைவு புரியாமல், ஒரு வெற்று லேபிளில் பெரிய எழுத்தாக எழுதிக் கண்ணாடியில் காட்டினார். 'இருங்க. சொல்லிட்டேன்.' அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கதவை உடைத்து என்னை வெளியே எடுத்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கீழேயும் நனைந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் பார்த்து, "டப்பாவுக்குள்ள போட்டு மூடி வச்சும் எங்க மச்சான் கெட்டுப்போகலை பாருங்க" என்றார். இறுக்கம் கலையட்டும் என்றுதான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு டப்பா மச்சான் என்று பெயர். வாசல் காவலர்கூட, "டப்பா மச்சான் வந்துட்டாரா?" என்பார். லேபிள் அக்கா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கேபிளை மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மாற்றவில்லை. பதிலாகப் புதுக் கதவில் வெளிப்பக்கம் ஒரு சாவித் துவாரம் வைத்து, கையால் திறக்கிற மாதிரி செய்தார். ஒரே சாவி. "மச்சான்கிட்டயே இருக்கட்டும். அனுபவஸ்தர்" என்றார். அதற்கும் சிரிப்பு.

அதன்பிறகு நான் ஒரு நோட்டுப் போட்டேன். கூரைக்குள் ஒரு வெப்பமானி வைத்து, எந்தச் சூட்டில் கதவு என்ன செய்கிறது என்று எழுதி வந்தேன். நாற்பத்தெட்டில் தயங்கும். ஐம்பத்தாறில் நின்றுவிடும். எழுபதைத் தாண்டினால் பழுப்பு ஜோடியின் உறை இளகி ஒழுகத் தொடங்கும். நேர் கீழே விளக்கின் மின்பெட்டி இருந்தது. அதன் மேல் ஒழுகினால் என்ன ஆகும் என்று ஒரு துண்டை வைத்துச் சோதித்தேன். நல்ல உறை கருகும், அவ்வளவுதான். சாதாரண உறை பற்றிக்கொண்டு புகை கக்கியது. கலந்த தூள் போதவில்லை. இவ்வளவு விவரமான ஆய்வை அந்தத் தொழிற்சாலையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். படித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்குக் காலையில் நான் சூட்டு அடுப்பின் வெப்பக் காற்றுக் குழாயைக் கூரைக்குள் கழற்றிவிட்டேன். உங்கள் ஆட்கள் அது தானாகக் கழன்றது என்று எழுதியிருக்கிறார்கள். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். கதவை மட்டும் திறந்து முட்டுக் கொடுத்துவிட்டு, அடுப்பை உச்சத்தில் வைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளையிடம் போனேன்.

"ஒரு ரீடிங் பாக்கணும் மாப்பிள்ளை. இப்ப மெஷின் சத்தம் இருக்காது, வாங்க."

"சாப்பிட்டுட்டுப் போவோமே?"

"அஞ்சு நிமிஷம்தான். நீங்க பாத்துக்கிட்டு இருங்க, நான் வெளிய மெயின் கேபிள மாத்திப் போட்டுட்டு வரேன்."

அவர் உடனே எழுந்தார். நான் எதையும் கேட்கிறவன் இல்லை, கேட்டதில் அவருக்குச் சந்தோஷம்கூட. உள்ளே போய் உட்கார்ந்தார். நான் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வெப்பமானி அறுபத்து மூன்று.

என் எண்ணம் நாற்பது நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. நான் இருந்த நேரம் அவரும் இருக்கட்டும், வெளியே வரும்போது அவர் சட்டையும் ஒட்டியிருக்கட்டும், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாற்பது நிமிடத்துக்குள் எழுபது டிகிரியைத் தாண்டும் என்று என் நோட்டிலேயே இருக்கிறது. என் கையெழுத்துதான்.

கேண்டீன் முற்றத்துக்கு அந்தப் பக்கம். எல்லோரும் அங்கே இருந்தார்கள். நான் கதவுக்கு எதிரே கேபிள் சுற்றுகிற ஒரு காலி உருளையின் மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் பொத்தானை அழுத்துவது தெரிந்தது. முதலில் சிரித்துக்கொண்டே அழுத்தினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது போல் செய்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பின்னால் கூரையிலிருந்து புகை ஒரு நூல் மாதிரி இறங்கியது. தீ மணியும் அதே கேபிளில்தான் இருந்தது, அதனால் அடிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது, ஐயா. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அவர் எடுத்துக் கொடுத்த சட்டை.

எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போனேன். அவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் வந்தது. "கதவு, மச்சான், கதவு." நான் கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்து, "ஆள் வந்துக்கிட்டிருக்காங்க மாப்பிள்ளை, பதறாதீங்க" என்றேன். நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. அவர் நம்பினார். தலையை ஆட்டிவிட்டு, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவுக்குக் கீழே உட்கார்ந்தார். நான் சொன்னதை அவர் அப்படியே கேட்டது அதுதான் முதல் தடவை.

பதினோரு நிமிடம். பிறகு புகையைப் பார்த்துவிட்டுக் கேண்டீனிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டதும் சாவியைப் போட்டுத் திறந்தேன். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. இந்த உள்ளங்கைத் தழும்பு அதனால்தான். இதைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அழுதார்கள். "உயிரைக் கொடுத்துத் தொறந்திருக்கார்" என்று வாசல் காவலர் சொன்னதைப் பத்திரிகையில் போட்டார்கள். டப்பா என்ற சொல்லை அதன்பிறகு ஒருவரும் சொல்லவில்லை.

லேபிள் அக்கா உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று முந்தைய இரண்டு விசாரணையிலும் சொன்னேன். அளக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து மாதிரித் துண்டுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார், கதவைச் சாத்தும்போது கண்ணில் படவில்லை. அது உண்மை. சாத்தும்போது தெரியாது.

அவர் கையிலிருந்து எடுத்தோம் என்று ஒரு லேபிளை நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே. 'சாவி உங்ககிட்ட' என்று எழுதியிருக்கிறது. அதில் 'உங்ககிட்ட' யாரைக் குறிக்கிறது என்று உங்கள் எழுத்தர் சந்தேகக்குறி போட்டிருப்பதைப் பார்த்தேன். என்னைத்தான். நான்காவது நிமிடத்தில் அதைக் கண்ணாடியில் காட்டினார். நான் பதறிப்போய் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்தினார். நான் படித்தேன். அக்காவுக்காகக் கதவைத் திறந்தால் மாப்பிள்ளையும் வெளியே வந்துவிடுவார். இருவருக்கும் ஒரே கதவுதானே. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். மீதி ஏழு நிமிடமும் அங்கேதான் நின்றேன்.

இவ்வளவையும் இப்போது ஏன் சொல்கிறாய் என்றுதானே பார்க்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காரியம் முடிந்த மூன்றாம் நாளே என் தங்கை என் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டாள், தன் அறைக்கு எதிரே. "இனிமே எனக்கு உன்னை விட்டா யாருண்ணா" என்கிறாள். நான் எழுந்தால் எழுகிறாள். வாசல்வரை போனால் செருப்பைத் தேடுகிறாள். கை வெந்திருக்கிறது என்று ஊட்டிவிடுகிறாள். அவர் சட்டைகளையெல்லாம் என் அளவுக்குப் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறாள். போன வாரம் அந்த வெளியூர் மேலாளர் செய்தியைப் படித்துவிட்டு மறுபடி போன் செய்தார். இப்போதாவது வருகிறீர்களா என்று கேட்கத்தான். போனை எடுத்தவள் அவள். "அண்ணன் இனிமே எங்கயும் வரமாட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தாள். நீங்கள் என்னை எங்கே வைத்தாலும் சரி, ஐயா. ஜன்னல் இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் இன்றைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? ஒவ்வொரு தாளிலுமா? சரி.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவள்தான். காலையிலிருந்து எனக்காகக் காத்திருக்கிறாள். விஷயத்தை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. எனக்கு யார் மனசையும் நோகடித்துப் பழக்கமில்லை.